ஒளிப்படத்தைப் பெருப்பித்தல்

ஒருவர் மறைந்துவிட்ட வீட்டில் முதலில் தேடப்படும் பொருள்களுள் அவருடைய ஒளிப்படமும் ஒன்று. மரண அறிவித்தலுக்கும், முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலருக்கும், மாலையிட்டுச் சுவரில் மாட்டுவதற்கும் நல்ல பெரிய படம் ஒன்று வேண்டும். கையில் அகப்படுவதோ பெரும்பாலும் அடையாள அட்டைக்கென எப்போதோ எடுத்த சிறு துண்டுப் படம். 2004ஆம் ஆண்டின் கடல்கோளிலும் போர்க்கால இடப்பெயர்வுகளிலும் குடும்ப அல்பங்களைப் பறிகொடுத்தோர் இலங்கையில் மிகப் பலர். அவர்களுக்கு அந்தத் துண்டே எஞ்சியிருக்கும் முகம். ஆகவே, அதனைத் தரம் குன்றாமற் பெருப்பிக்க முடியுமா என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அன்று.

முடியும் என்றே இக்காலக் கணினி நிரல்கள் பறைசாற்றுகின்றன. படத்தை உட்செலுத்தி இரண்டு மடங்கா, நான்கு மடங்கா என்று தெரிவுசெய்தால் போதும். சிறிது நேரத்திற் பெரிய படம் வெளிவருகிறது. மங்கிக் கிடந்த முகத்தில் இமை மயிரும் எண்ணக்கூடியதாகத் தெரிகிறது. வியப்புத்தான். வியப்பு அடங்கியபின் ஒன்றைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். சிறிய படத்தில் இல்லாத இமை மயிர் பெரிய படத்துக்கு எங்கிருந்து வந்தது?

படச்சுருள் வழங்கிய காலத்தில் இக்கேள்வி எழவில்லை. அக்காலத்துப் பெருப்பித்தல் ஒளியின் வேலை. 35 மில்லிமீற்றர்ச் சுருளின் ஒரு சட்டம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. இருட்டறையில் அதனூடே ஒளியைச் செலுத்தி, வில்லையின் உதவியால் ஒளியுணர் தாளில் விழுத்துவர். வில்லையைத் தாளிலிருந்து எவ்வளவு உயர்த்துகிறார்களோ அவ்வளவுக்குப் படம் பெருகும். ஆனால் சுருளிற் படத்தைத் தாங்கி நிற்பவை நுண்ணிய வெள்ளி மணிகள். ஓர் எல்லைக்கு மேற் பெருப்பித்தால் முகம் மறைந்து மணிகளே தோன்றும். இத்தாலிய இயக்குநர் அன்ரோனியோனி 1966ஆம் ஆண்டில் எடுத்த ‘புளோ அப்’ என்னும் திரைப்படம் இந்த உண்மையின்மீதே கட்டப்பட்டது. பூங்காவில் எடுத்த படமொன்றில் ஒரு கொலையின் தடயம் இருப்பதாக எண்ணும் படப்பிடிப்பாளன் அதனை மேலும் மேலும் பெருப்பிக்கிறான்; இறுதியில் அவன் கையில் மிஞ்சுவது வெறும் மணிப்பரப்பு.

அக்காலப் படப்பிடிப்பு நிலையங்களில் தூரிகையாற் படத்தைத் திருத்தும் கைவினைஞர் இருந்தனர். அவர்களும் இல்லாததைச் சேர்த்தவர்களே. ஆயினும் சேர்ப்பது தூரிகை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தவிரவும், புருவம் எப்படி இருந்தது, தலை எந்தப் பக்கம் வாரப்பட்டிருந்தது என்று வீட்டாரைக் கேட்க அவர்களுக்கு வாய் இருந்தது. கணினிக்கு அந்த வழக்கம் இல்லை.

எண்முறைப் படம் வேறு வகையானது. அதன் பிறப்பை ஒரு குழந்தையின் முகத்திற் காணலாம். 1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்திற் பணியாற்றிய ரசல் கேர்ஷ் என்பவர், தம் மூன்று மாத மகனின் படத்தை ஓர் உருளையிற் சுற்றிச் சுழலவிட்டு, அதன் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒளிர்வானதா இருண்டதா என்று கணினிக்கு அறிவிக்கும் கருவியொன்றை அமைத்தார். ஐந்து சதமமீற்றர்ப் பக்கமுள்ள அந்தப் படம் நெடுக்கில் 176, குறுக்கில் 176 எனச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. மொத்தம் 30,976 சதுரங்கள். ஒளிப்படமொன்று வருடப்பட்டுக் கணினியில் ஏறியது இதுவே முதன்முறை. அந்தச் சதுரத்தையே இன்று பிக்சல் என்றும் படப்புள்ளி என்றும் வழங்குகிறோம். கைத்தொலைபேசிப் படங்களிற் கோடிக்கணக்கான புள்ளிகள் இருந்தாலும் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அல்லது செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் மூன்று எண்கள். படம் என்பது எண்களின் அட்டவணை. புள்ளிக்குள்ளே என்ன இருந்தது என்பது பதியப்படுவதில்லை. அதற்குள் ஒரு மயிர் ஓடியிருந்தாலும், ஒரு மச்சம் இருந்தாலும், அந்த இடத்து ஒளியெல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். கலந்ததைப் பின்னர்ப் பிரித்தெடுக்க வழியில்லை. பாலில் விட்ட நீரைப் பிரித்தெடுக்க அன்னம் வேண்டும் என்பர். இங்கே அன்னமும் உதவாது.

சதுரப் புள்ளி கேர்ஷுக்கே பிற்காலத்தில் மனநிறைவு தரவில்லை. எண்பது வயதை எட்டிய நிலையிலும், சதுரத்துக்குப் பதிலாக உருவத்துக்கேற்ப வடிவம் மாறும் புள்ளிகளைப் பயன்படுத்தும் முறையொன்றை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். 2020ஆம் ஆண்டில் அவர் காலமானார். சதுரமோ இன்னும் நிலைத்திருக்கிறது.

இனிப் பெருப்பித்தலுக்கு வருவோம். நூறு புள்ளி அகலமுள்ள படத்தை இருநூறு புள்ளி அகலமாக்க வேண்டும். ஒவ்வொரு பழைய புள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு புதிய புள்ளியை இடவேண்டும். அதற்கு என்ன எண்ணைக் கொடுப்பது? மிக எளிய வழி, அயலிலுள்ள புள்ளியின் எண்ணையே அதற்கும் கொடுத்துவிடுவது. படம் பெரிதாகும், ஆனால் ஓரங்கள் படிக்கட்டுகளாய்த் தெரியும். அடுத்த வழி சராசரி. பழைய புள்ளிகள் இரண்டின் எண்கள் 100, 200 எனின் இடைப்பட்டதற்கு 150 என்று கொள்வது. படிக்கட்டு மறைந்துவிடும், அதன் இடத்தில் மங்கல் வந்து சேரும். இன்னும் சீரான வழி, சுற்றிலுமுள்ள பதினாறு புள்ளிகளைப் பார்த்து, அவை எப்படி ஏறி இறங்குகின்றன என்பதற்கு இசைவாக ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதிலிருந்து புதிய எண்ணைப் பெறுவது. றொபேட் கீஸ் என்பவர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இவ்வகைக்குப் பெயர்பெற்றது. ஹங்கேரியக் கணிதர் லான்சொஸ் பெயரால் வழங்கும் முறை இதனினும் கூர்மை தரும். ஆனால் கருமையும் வெண்மையும் சந்திக்கும் ஓரங்களில் ஒரு மெல்லிய நிழல் வளையத்தை விட்டுச் செல்லும்.

இம்முறைகள் யாவும் நேர்மையானவை. அயலவரை விசாரித்து எழுதுகின்றன. அயலவருக்குத் தெரியாததைத் தாமும் சொல்வதில்லை. 100க்கும் 200க்கும் நடுவே உண்மையில் ஒரு கரிய மயிர் ஓடி, அங்கே எண் 20 ஆக இருந்திருக்கலாம். அது பதியப்படாமற் போயிருந்தால் கணக்கு 150 என்றே சொல்லும். இதனாற் படம் மென்மையாகும், பொய்யாகாது. தரம் குன்றாமற் பெருப்பித்தல் என்று மக்கள் கேட்கும்போது, கண்ணுக்கு உறுத்தாத வழவழப்பையே பல வேளைகளிற் கேட்கிறார்கள். அந்த அளவுக்கு இவை போதுமானவை.

இங்கே கண்ணின் இயல்பையும் சேர்த்து எண்ணவேண்டும். நல்ல பார்வையுடைய கண், பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியுள்ள இரு புள்ளிகளை வேறுவேறாகக் காணும். கையில் வைத்து 25 சதமமீற்றர்த் தூரத்திற் பார்க்கும் படத்துக்கு இதனைக் கணக்கிட்டால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 350 புள்ளிகள் வரும். அச்சகத்தார் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்று கேட்பதற்கு இக்கணக்குப் பொருந்தி வருகிறது. அதே படத்தை மூன்று மீற்றர் தள்ளி நின்று பார்ப்பவருக்கோ அங்குலத்துக்கு 30 புள்ளிகளே போதும். மண்டபச் சுவரில் உயரத்தில் தொங்கும் பதாகைக்கும் கையில் விரிக்கும் நினைவு மலருக்கும் ஒரே புள்ளிக் கணக்கைக் கேட்பது வீண். பெருப்பிக்கவே தேவையில்லாத படத்தைப் பெருப்பித்துக் கெடுத்துக்கொள்வோர் பலர் உண்டு.

உண்மையிலேயே புதிய விவரத்தைச் சேர்க்கும் வழி ஒன்றும் இல்லையா எனின், உண்டு. அதற்கு ஒரு படம் போதாது. பல படங்கள் வேண்டும். 1995ஆம் ஆண்டு டிசெம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி, வெறுமையெனத் தோன்றிய வானத்தின் ஒரு சிறு மூலையைப் பத்து நாள்களில் 342 முறை படமெடுத்தது. தொலைகாட்டியின் ஆடி நுண்மையாகப் பார்க்க வல்லது. அதற்குப் பின்னாலிருந்த படக்கருவியின் புள்ளிகளோ அந்த நுண்மைக்கு ஈடு கொடுக்காத அளவு பருத்தவை. ஆகவே ஒவ்வொரு தொகுதிப் படத்துக்கும் இடையே தொலைகாட்டியை மிகச் சிறிது நகர்த்தினர். ஒரு படத்தில் ஒரே புள்ளிக்குள் அடங்கிப்போன ஒளி, அடுத்த படத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையே பகிரப்பட்டு விழுந்தது. இவற்றையெல்லாம் நுண்ணிய ஒரு வலைமீது ஒழுங்குபடுத்தித் தூவும் கணக்கை அன்ட்ரூ ஃபுருக்டர், றிச்சட் ஹுக் என்னும் இருவர் வகுத்தனர். துளித் துளியாய் எண்களைத் தூவுவதால் அதற்குத் தூறல் என்று பொருள்படும் பெயரையே இட்டனர். அவ்வழியிற் பெற்ற படத்தில் தோன்றிய விண்மீன் மண்டலங்கள் மூவாயிரம் வரையிலானவை. அவற்றுள் ஒன்றேனும் கணினி கற்பித்ததன்று.

அதே தத்துவம் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. கூகிள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பிக்சல் 3 என்னும் தொலைபேசி, பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது பல படங்களை அடுத்தடுத்து எடுக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மனிதனின் கை சிறிது நடுங்கும். அந்த நடுக்கமே இங்கே தொலைகாட்டியை நகர்த்தும் வேலையைச் செய்துவிடுகிறது. முக்காலியில் நிறுத்தி வைத்தால் நடுக்கம் இராதே என்று, அவ்வேளையில் வில்லையைத் தானே சற்று அசைத்துக்கொள்ளவும் அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். படப்பிடிப்பாளர்கள் பல்லாண்டுகள் பகையென எண்ணிய கைநடுக்கம் இவ்வாறு துணையாயிற்று. ஆனால் இதெல்லாம் படம் எடுக்கும் வேளையிற் செய்யவேண்டியது. இறந்தவரின் ஒரே படத்துக்கு இவ்வழி அடைபட்டது.

எஞ்சுவது மூன்றாவது வழி. இன்று மிகுதியாக விளம்பரப்படுத்தப்படுவதும் அதுவே. 2014ஆம் ஆண்டில் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், நரம்பு வலைப்பின்னல் எனப்படும் கணிப்பு முறைக்குப் படம் பெருப்பிக்கக் கற்பிக்கலாம் என்று காட்டினர். கற்பிக்கும் முறை எளிது. நல்ல பெரிய படங்களை எடுத்து அவற்றைச் சுருக்குவார்கள். சுருங்கியதை வலைப்பின்னலுக்குக் காட்டி, பெரியது எப்படி இருந்திருக்கும் என்று கேட்பார்கள். அது சொல்லும் விடையை உண்மையான பெரிய படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். எண்ணற்ற முறை இவ்வாறு செய்தபின், மங்கலான பரப்பைக் கண்டால் இது துணியின் நெசவு, இது இலையின் நரம்பு, இது கண்ணிமை என்று ஊகிக்கும் பழக்கம் அதற்கு வந்துவிடும். பின்வந்த ஆய்வாளர்கள், விடை சரியா என்பதோடு மெய்ப்படம் போலத் தோன்றுகிறதா என்பதையும் கணக்கிற் சேர்த்தனர். அதன்பிறகே கூர்மை கண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

அந்த இமை மயிர் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இப்போது தெளிவு. அது வேறு யாரோ பலருடைய இமை மயிர்.

இதனை உலகறியச் செய்த நிகழ்ச்சி 2020ஆம் ஆண்டில் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 16க்கு 16 புள்ளியே உள்ள முகத்தை 1,024க்கு 1,024 புள்ளியாக்கும் முறையொன்றை வெளியிட்டனர். 256 புள்ளிகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவையாகின்றன. ஒரு புள்ளி இருந்த இடத்தில் 4,096 புள்ளிகள். அவ்வாண்டு யூன் மாதத்தில் ஒருவர் அமெரிக்க முன்னாட் சனாதிபதி பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை அதிற் செலுத்திப் பார்த்தார். வெளிவந்தது வெள்ளையர் ஒருவரின் முகம். குறையற்ற, கூர்மையான, உலகில் எங்கும் இல்லாத முகம்.

இதிற் கவனிக்கவேண்டியது, கணினி கணக்கிற் பிழைவிடவில்லை என்பதே. அந்த வெள்ளை முகத்தை மீண்டும் சுருக்கினால் ஒபாமாவின் மங்கலான படத்தை ஒத்த புள்ளிகளே கிடைக்கும். பல முகங்கள் சுருங்கும்போது ஒன்றாகிவிடுகின்றன. சுருங்கிய ஒன்றிலிருந்து திரும்பும்போது எந்த முகத்துக்குத் திரும்புவது என்று படம் சொல்வதில்லை. கற்ற பழக்கம் சொல்கிறது. பழக்கத்துக்கு வைத்த முகங்களில் வெள்ளையரே மிகுந்திருந்தமையால் அது அந்தப் பக்கம் சாய்ந்தது. தம் முறை ஒருவரை அடையாளங் காண்பதற்கு உரியதன்று, கற்பனை முகங்களையே தருவது என்று அவ்வாய்வாளர்கள் தாமே கூறியிருந்தனர். தமிழர் முகமொன்றை இத்தகைய நிரலிற் செலுத்துவோர் இதனை மறத்தல் ஆகாது. நிறம் சற்று வெளுப்பதும், மூக்குச் சற்று ஒடுங்குவதும், பாட்டியின் நெற்றித் தழும்பு காணாமற் போவதும் இவ்வழியிலேதான். மச்சத்தையும் அம்மைத் தழும்பையும் அவை அழுக்கென்று துடைத்துவிடுவதுண்டு. எத்தனையோ வீடுகளில் அந்த மச்சமே ஆளை அறியும் அடையாளம்.

நீதிமன்றங்களுக்கும் இது புதிய தலைவலியாயிற்று. 2024ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், கைத்தொலைபேசியில் எடுத்த காட்சியைச் செயற்கை நுண்ணறிவு நிரலாற் தெளிவாக்கிச் சான்றாகத் தர எதிரி தரப்பினர் முயன்றனர். நீதிபதி அதனை ஏற்க மறுத்தார். படச் சான்றுகளை ஆராயும் துறையினர் அந்த முறையை ஏற்கவில்லை என்பதும், நிரல் காட்டுவது நடந்ததையன்று, நடந்திருக்கலாம் என்று தான் கருதுவதை என்பதும் காரணங்களாயின. அறுபது ஆண்டுகளுக்கு முன் அன்ரோனியோனியின் படப்பிடிப்பாளனுக்கு வெள்ளி மணிகள் தெரிந்தன. தெரியாதது தெரியாது என்று அவை சொல்லிவிட்டன. இந்நாட் கருவியோ அவனுக்கு ஒரு துப்பாக்கியையே வரைந்து கொடுத்திருக்கும்.

அப்படியாயின் இந்நிரல்களை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. கோயில் தேரின் படத்திலோ, மலர்ச் சோலையிலோ இலை நரம்பு ஒன்று கற்பனையாக இருந்தால் எவருக்கும் கேடில்லை. மருத்துவப் படத்திலும், வழக்குச் சான்றிலும், வாகன இலக்கத்திலும் அவற்றுக்கு இடமே இல்லை. இறந்தவரின் முகம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே தீர்ப்புச் சொல்லத் தக்கவர் நிரல் செய்தவர் அல்லர், அவரோடு வாழ்ந்தவர். பெருப்பித்த படத்தை மூலப் படத்தின் பக்கத்தில் வைத்து அம்மாவிடமோ அண்ணனிடமோ காட்டவேண்டும். “யாரோ மாதிரி இருக்கிறது” என்ற சொல் வந்தால் படம் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் அது தோற்றுவிட்டது. பல நிரல்களில் முகத்தை மட்டும் திருத்தும் பகுதியைத் தனியே நிறுத்திவைக்க வசதி உண்டு. அதனை நிறுத்தி, உடைக்கும் பின்னணிக்கும் மட்டும் கூர்மை சேர்த்து, முகத்தைப் பழைய சராசரி முறையிற் பெருப்பிப்பது நல்ல இணக்கம். சற்று மங்கிய முகத்தை மாலைக்குப் பின்னால் எவரும் குறைசொல்வதில்லை.

பெரும் இழப்பு உண்மையில் இதற்கெல்லாம் முன்னரே நேர்ந்துவிடுகிறது. துண்டுப் படத்தைக் கைத்தொலைபேசியால், மின்விளக்கின் கீழ், சற்றுச் சரிவாகப் படமெடுத்து, அதனை வட்சப்பில் அனுப்பி, அனுப்பியதை இன்னொருவர் மீண்டும் அனுப்பி, ஈற்றில் வந்து சேர்வதைப் பெருப்பிக்கக் கொடுக்கிறார்கள். அத்தகைய செயலிகள் வழக்கமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்பும். ஜேபெக் என்னும் சேமிப்பு முறையும் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, நுண்விவரங்களை விலக்கியே சேமிக்கிறது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இழப்பு நேர்கிறது. பெருப்பித்தால் அந்தக் கட்டங்களும் கூடவே பெருகும்.

செய்யத்தக்கது, மூலப் படத்தையே தட்டையான வருடியில் வைத்து அங்குலத்துக்கு 1,200 புள்ளியாகப் பதிவதாகும். ஓரங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமும் உள்ள துண்டு அப்போது 1,200க்கு 1,500 புள்ளியாகிவிடும். அதனை எட்டங்குல அகலத்தில் அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 150 புள்ளிகள் உண்டு. சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். எந்த நிரலும் தேவைப்படாமலே வேலை முடிந்துவிடக்கூடும். இதனினும் நுண்மையாகப் பதிவதால் அதிகப் பயனில்லை. தாளின் மணிகளும் கீறல்களுமே பெரிதாகும். பதிந்ததை இழப்பின்றிச் சேமிக்கும் டிஃப், பிஎன்ஜி போன்ற வடிவத்தில் வைத்து, அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பவேண்டும். திருத்தும் வேலையில், கறைகளை முதலில் நீக்கி, பின்னர்ப் பெருப்பித்து, கூர்மையை ஈற்றிற் சேர்ப்பது முறை. முதலிலேயே கூர்மையாக்கினால் தூசியும் கூர்மையாகிப் பெருகி நிற்கும்.

எந்த அளவுக்குப் பெருப்பித்தாலும் எள்ளளவும் இழக்காத படமும் ஒன்று உண்டு. அது புள்ளிகளால் ஆகாதது. சங்கத்தின் இலச்சினை, கடையின் பெயர்ப்பலகை எழுத்து முதலியவற்றைப் புள்ளிகளாக வையாமல், இங்கிருந்து அங்கே இவ்வளவு வளைவு என்று சூத்திரமாக வைக்கலாம். பிரான்சின் ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையிற் பொறியியலாளராயிருந்த பியர் பெசியே, 1960களில் வாகன உடலின் வளைவுகளை வரையப் பயன்படுத்தி உலகுக்கு அறிமுகஞ் செய்த வளைகோடுகளே இதற்கு ஆதாரம். அளவு கூடும்போது கணினி வளைவைப் புதிதாக வரைந்துகொள்ளும். கணினித் திரையில் தமிழ் எழுத்துகள் எவ்வளவு பெருத்தாலும் சுழி சிதையாமல் நிற்பது இதனாலேயே. ஆனால் முகத்துக்குச் சூத்திரம் இல்லை.

நிரல் திருத்திய படத்தை மூலத்தின் பெயரிலேயே சேமித்து மூலத்தை அழித்துவிடுவது பலர் அறியாமற் செய்யும் செயல். வருடியிற் பதிந்த முதற்படிவத்தைத் தனிப் பெயரிற் தொடாமல் வைத்து, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கச் செய்வது நன்று. சுவரில் மாட்டும் படத்தின் பின்புறத்தில், இது எந்த ஆண்டுப் படத்திலிருந்து, எவ்வகையிற் பெருப்பிக்கப்பட்டது என்று பென்சிலால் ஒரு வரி எழுதிவைத்தால், அவரை நேரிற் காணாத பேரப்பிள்ளைகளுக்கு எது பாட்டனின் முகம், எது கணினியின் கைவேலை என்று தெரியும்.